மொழி ஒன்று, எழுத்து பல
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

கதை எழுதுகிறவர்கள் புதிதாக ஓர் உலகத்தைப் படைக்கும்போது மலைகளையும் ஆறுகளையும் அரசர்களையும் படைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் அத்துடன் நிற்கவில்லை. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நெடுங்கதையில் வரும் உலகுக்கு அவர் மொழிகளையும் அம்மொழிகளுக்குரிய எழுத்துகளையும் படைத்தார். அவ்வுலகில் பல இனத்தார் வாழ்கின்றனர். வீட்டில் பேச அவர்களுக்குத் தனித்தனி மொழிகள் உண்டு. ஆனால் வழியிலும் சத்திரத்திலும் ஒருவரையொருவர் சந்திக்கும்போது ஒரு பொதுமொழியில் பேசிக்கொள்கின்றனர். எழுதுவதற்கு இரண்டு வகை எழுத்துகள் இருக்கின்றன. ‘கிர்த்’ என்பது கல்லிலும் மரத்திலும் கீறுவதற்கு உரியது. ஆகவே நேர்கோடுகளால் ஆனது. ‘தெங்வார்’ தூரிகையாலும் பேனாவாலும் எழுதுவதற்கு உரியது. ஆகவே வளைந்து செல்லும்.

இதைப் படித்தவர்கள் எல்லாரும் வியக்கிறார்கள். மதுரையில் பிறந்த நாம் அவ்வளவு வியக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அந்தப் பேராசிரியர் கற்பனையில் கண்டதை நம் ஊர் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக உண்மையிலேயே நடத்தி வந்திருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளுக்குச் சென்று பாருங்கள். கடைக்காரர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார். கணக்கர் தெலுங்கு பேசுவார். துணி வாங்க வந்த அம்மையார் உருது பேசுவார். மூவரும் விலை பேசுவது தமிழில். இந்தப் பொதுமொழி காலந்தோறும் எத்தனை எழுத்துகளை உடுத்திக் களைந்திருக்கிறது என்பதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

மேலூர் சாலையில் ஒத்தக்கடைக்குப் போகும் வழியில் யானைமலை படுத்திருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பேருந்தில் செல்லும்போது சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் வெகுதூரம் கண்ணை விட்டு மறையாது. அந்த ஒரே மலையில் மூன்று வகை எழுத்துகள் இருக்கின்றன. மேலே சமண முனிவர்கள் தங்கிய குகையில் பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. இதைத் ‘தமிழி’ என்றும் சொல்வர். வேறோர் இடத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயரும் அவற்றுள் ஒன்று. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி அதைக் குடைவித்தார். பணி முடிவதற்குள் அவர் இறந்துவிடவே, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பித் திருப்பணியை நிறைவேற்றினார். இச்செய்தி அங்கே இரண்டு மொழிகளில் வெட்டப்பட்டுள்ளது. வடமொழியில் உள்ளது கிரந்த எழுத்தில். அதிலுள்ள கலியாண்டைக் கணக்கிட்டால் கி.பி. 770 வருகிறது. தமிழில் உள்ளது வட்டெழுத்தில். மொழிக்கு ஒன்றாக எழுத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டி, தாத்தா படித்த புத்தகங்களில் ‘யானைமலை’ என்ற சொல்லைப் பாருங்கள். அதில் வரும் ‘னை’, ‘லை’ இரண்டுக்கும் முன்னே இப்போதுபோல் தனிக் கொம்பு இராது. தும்பிக்கை போல ஒரு சுழி மேலே வளைந்திருக்கும். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அந்தத் தும்பிக்கைகள் மறைந்தன. பெரியார் 1935 முதலே தம் ‘குடிஅரசு’ இதழில் கையாண்டு வந்த மாற்றம் அது. ஆகவே எழுத்து மாறுவது என்றோ பாண்டியர் காலத்தில் நடந்து முடிந்துபோன செய்தி அன்று. நம் பெற்றோர் பிறந்த காலத்தை ஒட்டியும் மாறியிருக்கிறது.

இப்போது யானைமலையிலிருந்து இன்னும் வடகிழக்கே சென்று, மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் மலைக்கு ஏறுவோம். இங்குள்ள குகைகளில் ஆறு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அறிஞர் கருத்து. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பணியாளரான கடலன் வழுதி, கணிநந்தன் என்ற முனிவருக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி அவற்றில் காணப்படுகிறது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவினர் செய்த கொடையும் உண்டு. சங்கப் பாடல்களில் மட்டுமே கேட்டிருந்த நெடுஞ்செழியன் என்ற பெயர், நாம் கையால் தொடக்கூடிய பாறையில் இருக்கிறது.

இந்தக் கல்வெட்டுகள் படிக்கப்பட்ட கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்து மறந்துபோனபின், ஊர்மக்கள் இப்படிப்பட்ட குகைகளுக்குப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாருடைய படுக்கை என்று தலைமாட்டிலேயே எழுதியிருந்தும் அதைப் படிக்க ஆளில்லை! 1882இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கில அதிகாரி மாங்குளம் கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். அப்போது பிராமி எழுத்து அறிஞர்களுக்குத் தெரியாததன்று. ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் 1837லேயே அசோகரின் கல்வெட்டுகளைப் படித்துவிட்டார். ஆகவே மாங்குளத்து எழுத்துகளைப் பார்த்தவுடன் ‘இது க, இது ம’ என்று சொல்லிவிட முடிந்தது. ஆயினும் பொருள் விளங்கவில்லை. பிராமியில் எழுதியிருந்தால் அது பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, பிராகிருதச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1924ஆம் ஆண்டு சென்னையில் நடந்த அறிஞர் மாநாடு ஒன்றில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் உண்மையை எடுத்துரைத்தார். வடநாட்டுப் பிராமியில் இல்லாத நான்கு எழுத்துகள் இக்குகைகளில் காணப்படுகின்றன. அவை ழ, ள, ற, ன என்று அவர் காட்டினார். ‘ழ’ என்ற ஒலி இருக்குமானால் அது எந்த மொழி என்று நம் ஊர்க் குழந்தையும் சொல்லிவிடுமே! எழுத்து தெரிந்த பிறகும் மொழி தெரிய 42 ஆண்டுகள் ஆயின.

இன்னொரு சிக்கலும் அதில் இருந்தது. இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். அசோகர் பிராமியில் ‘க’ என்ற எழுத்துக்கு அகரம் உள்ளேயே அடங்கியிருக்கும். பக்கத்தில் ஒரு சிறு கோடு இட்டால் ‘கா’ ஆகும். வடமொழிகளில் சொற்கள் மெய்யெழுத்தில் முடிவது குறைவு. ஆகவே அம்முறை அவற்றுக்குப் பொருந்தியது. தமிழிலோ அவன், மரம், கல், பால் என்று எங்கு பார்த்தாலும் மெய்யெழுத்து. ஆகவே மாங்குளத்தில் எழுதியவர்கள் ஒரு வழி செய்தார்கள். கோடில்லாத வெறும் எழுத்தை ‘க்’ என்று கொண்டார்கள். கோடு இட்டதை இடத்துக்கு ஏற்ப ‘க’ என்றும் ‘கா’ என்றும் படித்துக்கொண்டார்கள். இதனால் ‘மகன்’ என்ற சொல்லை அசோகர் முறையில் படிப்பவர் ‘மாகான’ என்றே படிப்பார். பிராகிருதம் தேடிய அறிஞர்கள் திகைத்ததில் வியப்பில்லை. பின்னர்த் தமிழர் புள்ளியைக் கண்டார்கள். மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தவுடன் இந்தக் குழப்பம் அத்தனையும் தீர்ந்துபோயிற்று. தொல்காப்பியம் புள்ளியைக் கூறுகிறது. தேர்வு எழுதும் அவசரத்தில் நாம் வைக்க மறந்து மதிப்பெண் இழக்கிறோமே, அதே புள்ளிதான்.

அரசர்க்கும் முனிவர்க்கும் மட்டுமே இவ்வெழுத்து உரியதாக இருந்ததா என்று சிலர் கேட்கலாம். மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடி இதற்கு விடை தருகிறது. அங்கு 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய 56 பானையோடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் அவற்றில் கீறப்பட்டிருக்கின்றன. நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்வதைப் போல, வீட்டில் புழங்கும் பானையில் அவர்கள் பெயரைக் கீறியிருக்கிறார்கள்.

மாங்குளத்தை விட்டுச் செல்லும்முன் அண்மைக்காலச் செய்தி ஒன்று. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024 நவம்பரில் இப்பகுதியையும் உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. மேலூர் வட்டார மக்கள் ஊர் ஊராகத் திரண்டு எதிர்த்தனர். மதுரை வரையில் பெரும் பேரணியாகவும் வந்தனர். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. 2,000 ஆண்டுகள் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்து சுரங்க வெடிக்குத் தாங்குமா?

இனி வட்டெழுத்து. கல்லில் உளியால் வெட்டும்போது நேர்கோடு எளிது. பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நரம்போடு ஓலை கிழிந்துவிடும். வளைத்து எழுதினால் கிழியாது. ஓலையில் எழுதிப் பழகிய கை பிராமியைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாக்கியது. டோல்கீன் தம் இரண்டு எழுத்துகளுக்குக் கூறிய காரணமும் இதுதான் அல்லவா? பாண்டிய நாடு முழுவதும் பல நூற்றாண்டுகள் வட்டெழுத்தே வழங்கியது. வடக்கே பல்லவர், சோழர் நாடுகளில் இன்றைய தமிழெழுத்தின் முன்னோர் வழங்கியது. 10ஆம் நூற்றாண்டில் சோழர் மதுரையைக் கைப்பற்றினர். அதன்பின் கோயில் கல்வெட்டுகளில் சோழநாட்டு எழுத்து இடம்பிடித்தது; வட்டெழுத்து மெல்ல மெல்ல மேற்கே சேரநாட்டுக்கு ஒதுங்கியது. காலப்போக்கில் வட்டெழுத்தில் பல எழுத்துகள் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கியதும் அதன் மறைவுக்கு ஒரு காரணம் என்பர். எது எப்படியாயினும், அரசன் மாறியபோது மதுரை மக்களின் பேச்சு மாறவில்லை, எழுத்து மாறியது.

கிரந்தம் முற்றிலும் மறையவில்லை. அது நம் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஜெயராணி, ஷீலா, ஸ்டெல்லா என்று ஆசிரியை கூப்பிடுகிறபோது ஜ, ஷ, ஸ ஆகிய கிரந்த எழுத்துகளைத்தான் படிக்கிறார். நாங்கள் சொல்லும் ஜெபமாலையிலும் ஒன்று இருக்கிறது.

தமிழுக்கு வெளிநாட்டு எழுத்தும் உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக 1554ஆம் ஆண்டு போர்த்துகீசிய நாட்டின் லிஸ்பன் நகரில் ஒரு ஞானோபதேசப் புத்தகம் அச்சாயிற்று. அதை எழுதியமைத்தவர்கள் அங்கிருந்த மூன்று தமிழர்கள். தமிழ் அச்செழுத்து அப்போது உலகில் எங்கும் இல்லை. ஆகவே தமிழ் ஜெபங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டனர். ரோமனில் ழ ஏது, ள ஏது, ற ஏது? படித்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குறை 24 ஆண்டுகளில் நீங்கியது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் இயேசு சபைக் குரு அன்றிக்கே அன்றிக்கசு, 1578 அக்டோபரில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலைத் தமிழ் அச்செழுத்திலேயே வெளியிட்டார். இந்திய மொழி எழுத்து இந்திய மண்ணில் அச்சேறியது அதில்தான். அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் செய்த உதவியையும் மறத்தல் ஆகாது. ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதியதால், எ - ஏ, ஒ - ஓ வேறுபாடு அக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. தென் என்று படிப்பதா, தேன் என்று படிப்பதா என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். ஏ, ஓ என்ற வடிவங்களையும் இரட்டைக் கொம்பையும் அமைத்து அவர் இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தார் என நம் பாடநூல் கூறுகிறது. இத்தாலியில் பிறந்த ஒருவர் சொல்லித்தான் நமக்குக் கொம்பு இரண்டாயிற்று!

கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் இசுலாமிய மக்கள் தமிழை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதினர். இதற்கு ‘அர்வி’ என்றும் அரபுத் தமிழ் என்றும் பெயர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டுக்கொண்டனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) அதில் பல நூல்கள் இயற்றினார். திருக்குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் வேறு பள்ளிக்குச் செல்லாமலே அர்வி நூல்களைப் படிக்க முடிந்தது. இது பெண் கல்விக்கு எவ்வளவு பெரிய துணை!

இதுவரை, ஒரே மொழி பல எழுத்துகளை மாற்றி மாற்றி அணிந்ததைப் பார்த்தோம். தமிழைப் பொறுத்தவரை இதனால் பெருங்கேடு எதுவும் விளையவில்லை. ஓர் எழுத்து போனபோது, அடுத்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானோர் எழுதிக்கொண்டிருந்தனர். ஆனால் எல்லா மொழிக்கும் இந்த நல்வாய்ப்பு இல்லை. எங்கள் வீட்டு மொழியையே எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் சௌராஷ்டிரர். நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து, மகாலைச் சுற்றிக் குடியேறிப் பட்டு நெய்தவர்கள் எங்கள் முன்னோர். நாங்கள் வீட்டில் பேசுவது குஜராத்திக்கு உறவான மொழி. வந்த வழியில் மராத்தியும் தெலுங்கும், வந்த இடத்தில் தமிழும் அதில் கலந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மொழியைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் சுமார் 2,47,000 பேர். இதற்குச் சொந்த எழுத்து உண்டு. தொ. மு. ராமராய் (1852 - 1913) என்ற பெரியவர் அதைச் சீர்படுத்தி, அச்செழுத்து வார்ப்பித்துப் பாடப்புத்தகங்களும் வெளியிட்டார். 2008 முதல் கணினியிலும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடத்தில் தமிழெழுத்து, கடைப் பெயர்ப்பலகையில் தமிழெழுத்து, ரேஷன் அட்டையில் தமிழெழுத்து. வேறோர் எழுத்தைக் கற்று அதைக் கொண்டு எங்கே போவது? மாங்குளத்தில் அறிஞர்களுக்கு எழுத்து தெரிந்தது, மொழி தெரியவில்லை. எங்கள் வீட்டிலோ மொழி தெரியும், எழுத்து தெரியாது.

எங்கள் பெரியவர்களிடையே இது பற்றி நெடுங்காலமாக மூன்று கட்சிகள் இருக்கின்றன. சொந்த எழுத்தே வேண்டும் என்பது ஒன்று. இந்தி படிக்கிற பிள்ளைகளுக்கு எளிது, ஒலிகளும் பொருந்தும், ஆகவே தேவநாகரி போதும் என்பது இன்னொன்று. எல்லாருக்கும் தெரிந்த தமிழெழுத்திலேயே எழுதிவிடலாம் என்பது மூன்றாவது. திருமண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இந்த வாதம் தொடங்கினால் தாம்பூலப் பை வாங்கும் வரை முடியாது. சொந்த எழுத்துக் கட்சியினர் சொல்வது மனத்துக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்த அளவில், எழுதப்படுகிற கொஞ்சமும் தமிழெழுத்தில்தான் எழுதப்படுகிறது. எழுத்து எதுவென்று முடிவாகும் வரை எழுதாமல் காத்திருந்தால், அதற்குள் பாட்டிமார் பேசும் சொற்களில் பாதி போய்விடும் என்பதே என் அச்சம். இப்போதே என் தம்பி பாட்டிக்குத் தமிழில்தான் பதில் சொல்கிறான்.

தமிழெழுத்தில் எழுதுவதிலும் தொல்லை உண்டு. தமிழில் ஒரே ‘க’தான். சௌராஷ்டிரத்தில் நான்கு. ஆகவே க, க², க³, க⁴ என்று தலையில் எண் போட்டு எழுதும் முறையைக் கையாள்கிறார்கள். கணக்குப் பாடத்தில் வர்க்கம், கனம் போடுவதுபோல இருக்கும்! இதையாவது பழகிக்கொள்ளலாம். எங்கள் மொழியில் ம, ன, ர, ல ஆகிய ஒலிகளும் சில சொற்களில் மூச்சுக் காற்றோடு சேர்ந்து வரும். அதற்கு எண்ணும் இல்லை. ராமராய் காலத்து எழுத்திலோ அதற்கென்றே ‘ஹாரு’ என்று ஒரு குறி இருக்கிறது. அந்த எழுத்தை அமைத்தவர்கள் எங்கள் பாட்டிமார் பேசுவதைக் காதால் கேட்டு அமைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு குறியிலேயே தெரிகிறது.

எங்கள் வீட்டுப் பரணில் அப்படிப்பட்ட பழைய பாடப்புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை போய்விட்டது, பாட்டியின் தாத்தா படித்ததாம். பாட்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது. மளிகைக் கணக்கும், பரமக்குடியில் இருக்கும் தங்கைக்குக் கடிதமும் தமிழெழுத்தில்தான் எழுதுவார்கள். இந்த ஆண்டு முழுஆண்டு விடுமுறையில் பாட்டி தாலாட்டுகளையும் நெசவுச் சொற்களையும் சொல்லச் சொல்ல, நான் நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். தறியின் உறுப்புகளுக்கு மட்டும் மூன்று பக்கம் ஆயிற்று. தமிழெழுத்தில், தலையில் எண்ணிட்டு எழுதுகிறேன். மூச்சோடு வரும் ‘ம’ வரும்போது மட்டும் எழுத வகையில்லாமல் நிறுத்திவிடுவேன். பாட்டியும் சலிக்காமல் இன்னொரு முறை சொல்லுவார்கள். அப்போது அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்து, ‘ஹாரு’க் குறியைப் பார்த்து, தமிழ் ‘ம’வின் பக்கத்திலேயே அதை வரைந்துகொள்கிறேன்.